இளநரை

துரையின் முடி வெள்ளை. சோறும் வெள்ளை. கோமதியம்மாளுக்கு அந்த வீட்டில் வாய்த்த சங்கடம் முழுவதையும் இப்படிச் சுருக்கிச் சொல்லிவிடலாம்.

கறுப்பு நாயாக இருந்தால் கண்ணால் பார்த்து எடுத்துப் போட்டுவிடலாம். செவலையாக இருந்தால்கூடப் பரவாயில்லை. இது இராசபாளையத்து நாய். மூக்கு நுனியும் கண்ணோரமும் இளஞ்சிவப்பு, மற்றதெல்லாம் பால்வெள்ளை. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் ஊரில் யாரோ அதற்குத் துரை என்று பெயர் வைத்தார்கள். அதன் முடி சோற்றுக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்குத்தான் தெரியும். ஒரு விரல்கணு நீளம், ஊசி மாதிரி விறைப்பு, நுனியில் கூர். நாக்கு அதைக் கண்டுகொண்ட பிறகு துப்பினாலும் ஒன்றுதான், விழுங்கினாலும் ஒன்றுதான். அன்றைக்குச் சாப்பாடு அதோடு முடிந்தது.

அதனால் கோமதி ஒவ்வொரு கவளத்தையும் இலையோரத்தில் பரத்தி, பருக்கை பருக்கையாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். மற்றவர்கள் கை கழுவி வெற்றிலை போட்டு எச்சிலும் துப்பிய பிறகும் அவள் இலைமுன் குனிந்திருப்பாள்.

"சோறு திங்காளா, களை எடுக்காளான்னு தெரியலியே" என்பான் அவள் புருஷன் தளவாய்.

அந்த வீட்டில் பேச்சே குறைவு. பேசாமல் இருக்கிற நேரத்தில் அவளுக்குக் காட்சிகள்தான் வரும். அவள் அறியாமல் இதுவரை உள்ளே போனவை எத்தனை, அவை வயிற்றில் எந்த மூலையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, ஒருநாள் பந்தாகத் திரண்டு நெஞ்சுவரை ஏறி வருமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே இருப்பாள்.

மேலகரத்துக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று வருஷமாகிறது. கடையத்தில் அவள் பிறந்த வீட்டிலும் மாடு உண்டு, கன்று உண்டு. அவை தொழுவில் இருந்தன. மனிதர்கள் வீட்டில் இருந்தார்கள். உலகமெங்கும் இதுதான் ஏற்பாடு என்று அவள் நினைத்திருந்தாள். இங்கே பாலும் பழமும் கொடுத்து அவளை உள்ளே கூட்டிப் போனபோது, கூடத்தில் விரித்திருந்த கோரைப்பாயின் நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. புதுப்பெண்ணைத் தலை தூக்கிப் பார்த்தது. பிறகு கொஞ்சம் நகர்ந்து அவளுக்குப் பாதிப் பாய் விட்டுக்கொடுத்தது.

மலையடித் தோப்பில் பன்றி விரட்டுவதற்கென்று தளவாய் வாங்கிவந்த குட்டி அது. வாங்கி வந்த மாசத்திலேயே அவன் தாயார் இறந்து போனாள். அவன் தங்கை முப்பிடாதி அந்தக் குட்டியை மடியில் தூக்கி வைத்தவள் பிறகு இறக்கி விடவே இல்லை. நாய் தோப்பைப் பார்க்காமலே வளர்ந்தது. பன்றி எதிரே வந்தால் பாயை விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கிப் படுக்கும் என்று கோமதிக்குத் தோன்றும்.

சித்திரையில் உதிர ஆரம்பிக்கும். குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி ஆடியில் அதற்கு அளவே கிடையாது. வாரியலால் பெருக்கினால் அந்த முடி வராது. எழும்பும். எழும்பி அவசரமில்லாமல் மிதந்து, பெருக்கிய இடத்திலேயே திரும்ப வந்து உட்காரும். கூடத்துக்குக் காவி போட்ட சிமெண்டுத் தரை. அதில் ஒவ்வொரு முடியும் சுண்ணாம்பால் கிழித்த கோடாகத் தெரியும். அடுக்களைக்குச் சாணம் மெழுகிய தரை. அது இன்னும் மோசம். மெழுகின ஈரத்தில் விழுந்தது சாணத்தோடு சேர்ந்து காய்ந்துவிடும். நகத்தால் கீறினால் தரை பெயரும். விட்டுவிட்டால், அடுப்புமுன் உட்காரும்போதெல்லாம் தரைக்கு நரை கண்ட மாதிரிக் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

கடைசியில் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய சாக்கை நனைத்து இறுகப் பிழிந்து தரையில் விரித்து, இரண்டு முனையையும் பிடித்துப் பின்பக்கமாக நடந்துகொண்டே இழுக்க வேண்டும். முடி சாக்கில் ஒட்டித் திரிதிரியாகச் சுருண்டு வரும். பாய்க்கு ஈரக்கை. உள்ளங்கையை நனைத்து ஒரே போக்கில் வழித்தால் பாதி வரும். கோரைக்குள் நுழைந்த மீதியை முள்ளால் நெம்பி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து உருட்டினால் எலுமிச்சங்காய்ப் பருமனுக்கு ஓர் உருண்டை தேறும். அந்த உருண்டைக்கு ஒரு வெதுவெதுப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றும். கூச்சம் தோள்வரை ஏறும். அடுப்பில் போட்டால் வீடு முழுவதும் பொசுங்கல் நாறும் என்பதால், கையை முகத்துக்கு எட்டாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு உரக்குழிக்கு ஓடுவாள். திரும்பி வரும்போது துரை, வழித்த பாயில் படுத்திருக்கும்.

முடி போகாத இடமில்லை. குடத்து வாயில் கட்டிய துணியில், விளக்கெண்ணெயில், உறைந்த நெய்யின்மேல், திருநீற்றுக் கொப்பரையில். கொப்பரையில் இருந்ததைக் கவனிக்காமல் ஒருநாள் தளவாய் எடுத்துப் பூசிக்கொண்டு, நெற்றியில் மூன்று கோடும் அவற்றுக்குக் குறுக்கே நான்காவதாக ஒன்றுமாகத் தென்காசிக் கோயில்வரை போய் வந்தான். சாரல் காலத்தில் துணி வெயிலில் காயாது, அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் போட வேண்டும். உலர்ந்த சேலையை உடுத்தினால் நெசவுக்குள் நுழைந்த முடிகள் இடுப்பில் குத்தும். நனைந்த நாய் வாசலில் நின்று உடம்பை ஒரு உதறு உதறும். சுவரெல்லாம் புள்ளி. பிறகு அந்த நெடி வரும். ஊறப்போட்ட தேங்காய்க் கதம்பையும் புளித்த கஞ்சியும் சேர்ந்தாற்போல. அந்த நெடியிலேயே படுத்து, அந்த நெடியிலேயே எழுந்திருக்க வேண்டும்.

ஒருநாள் இருட்டில் அவள் காலடியில் ஏதோ மிதிபட்டது. ஆமணக்கு விதை என்று நினைத்தாள். பொட்டென்று உடைந்து விரலிடுக்கில் கசிந்தது. விளக்கைக் கொண்டுவந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு உண்ணி, குடித்திருந்த ரத்தத்தோடு. கிணற்றடியில் காலைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துத் தோல் வழன்றுபோயிற்று.

அன்றைக்குத்தான் அவள் புருஷனிடம் வாய் திறந்தாள்.

"இந்த நாயத் தோப்புல கொண்டு விட்டா என்ன?"

"அவகிட்டப் போயிச் சொல்லு."

"நீங்க சொல்லுங்க. உங்க தங்கச்சிதான."

தளவாய் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எங்கம்மை செத்த அன்னைக்கு நாங்கள்லாம் அழுதுட்டுத் தூங்கிட்டோம். அவ மட்டும் அந்தக் குட்டிய மடியில வச்சிக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தா. நான் எப்பிடிட்டி சொல்ல? அவளுக்கு ஒரு எடம் அமையட்டும். அவ போன மறுநா தொரை தோப்புக்குப் போயிரும். இது சத்தியம்."

முப்பிடாதிக்கு இடம் அமைவது எளிதாக இல்லை. வயது இருபதைத் தாண்டியாகிவிட்டது. செங்கோட்டையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது, பெண் உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் முந்தானைமேல் துரை வந்து தலைவைத்துப் படுத்தது. வந்த அம்மாள் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சகதியில் நடப்பவள்போல நடந்து வண்டியில் ஏறினாள். தாம்பூலத்தைக்கூட எடுக்கவில்லை. தளவாயும் முப்பிடாதியும் அன்றைக்கு அந்த அம்மாளை வைதார்கள். கோமதி மனசுக்குள் அவளுக்குக் கும்பிடு போட்டாள்.

அடுத்து வந்தது வீரகேரளம்புதூர் இடம். பையன் நம்பிராஜன் ரங்கூனில் மர ஆலையில் வேலை பார்த்தவன். போன வருஷம் அங்கே குண்டு விழுந்தபோது அரக்கான் காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவன். இனி வரமாட்டான் என்று அழுது முடித்திருந்த தாயார் ரெங்கம்மாளுக்கு, அவனுக்கு ஒரு கல்யாணம் செய்து பார்த்துவிட வேண்டும் என்கிற அவசரம். ஆனால் அந்த வீட்டில் சொல் அவளுடையதல்ல, அவள் அண்ணன் ஆவுடையப்பனுடையது. அவர் சுத்தம் பார்க்கிறவர். வெற்றிலையைத் துடைக்காமல் போடமாட்டார். துடைத்த துண்டையும் உதறிப் பார்ப்பார்.

தளவாய் துரையைத் தோப்புக் குடிசையில் கொண்டுபோய்க் கட்டினான். அது படுக்கும் கிழிசல் பாயை முப்பிடாதி தானே சுருட்டி அவன் கையில் கொடுத்தாள். பிறகு கோமதியோடு சேர்ந்து சாக்குப் பிடித்து இழுத்தாள். இருவரும் கூடத்தை இழுத்தார்கள், அறைகளை இழுத்தார்கள், கதவிடுக்குகளைத் துணி சுற்றிய குச்சியால் துழாவினார்கள். அடுக்களையைக் கதவடைத்துக்கொண்டு புதிதாக மெழுகினாள் கோமதி. அரிசியை நாலு தண்ணீர் மாற்றிக் களைந்தாள். தன் கல்யாணப் பட்டுச்சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அந்த வீடு வெறும் வீடாக மணத்தது. இந்தச் சம்பந்தம் முடிந்தால் எந்நாளும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணனும் தங்கையுமாக வில்வண்டியில் வந்து இறங்கினார்கள். ரெங்கம்மாள் ஒல்லியாக, உயரமாக, எதையும் இரண்டு தடவை பார்க்கிற கண்ணோடு இருந்தாள். பெண்ணைப் பார்த்தார்கள். ஆவுடையப்பன் சுவரைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், செம்பைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

"வீடு பழுதில்ல" என்றார்.

"பொண்ணும் பழுதில்ல அண்ணாச்சி" என்றாள் ரெங்கம்மாள்.

"அப்பம் கை நனைச்சிர வேண்டியதுதான்."

கோமதி அடுக்களையில் இலையைத் துடைத்தாள். பெண் பார்க்க வந்த வீட்டில் பிடிக்காவிட்டால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். கை நனைத்து ஒரு கவளம் உள்ளே போய்விட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு மாற்றிப் பேசுகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

இலை போட்டாள். சோறு வைத்தாள். பருப்பும் நெய்யும் விட்டாள். ரெங்கம்மாள் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.

வைத்த வாய் அசையவில்லை.

அந்த முகத்தில் நடந்ததைக் கோமதி அறிவாள். நாக்கு முதலில் மேலண்ணத்தில் துழாவும், பிறகு பல்லுக்கு முன்னால் தள்ளும், பிறகு உதட்டுக்குக் கொண்டுவரும். ரெங்கம்மாள் இடதுகை விரல்களால் உதட்டிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளையாக, கூராக, ஒரு விரல்கணு நீளத்துக்கு.

"என்னது?" என்றார் ஆவுடையப்பன். அவர் கவளம் இன்னும் இலையில்தான் இருந்தது.

"முடி."

தளவாயின் முகம் செத்துப்போயிற்று. அறைக்கதவுக்குப் பின்னால் முப்பிடாதியின் வளையல் ஒருமுறை ஒலித்து நின்றது.

"யாரு முடிளா இது?" என்று கோமதியைக் கேட்டாள் ரெங்கம்மாள். குரலில் கோபமில்லை.

மனுஷ முடி கிடந்தால் அதற்கு ஒரு சொல் உண்டு. சோற்றில் முடி கிடந்தால் உறவு விடாது என்பார்கள். சமைத்தவள் நாணிச் சிரிக்க, சாப்பிடுகிறவர்கள் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுவிடலாம். நாய் முடிக்கு அப்படி ஒரு சொல்லை யாரும் செய்து வைக்கவில்லை. அந்த வீட்டில் கிழவிகள் இல்லை. வெள்ளை முடிக்குச் சொந்தக்காரர் யாருமே இல்லை.

"என் முடிதான் ஆச்சி" என்றாள் கோமதி.

ஆவுடையப்பன் நிமிர்ந்து அவள் தலையைப் பார்த்தார். இருபத்திரண்டு வயதுத் தலை, எண்ணெய் தேய்த்து வழவழவென்று கறுத்துக் கிடந்தது.

"எனக்கு இளநரை. உள்ளுக்குள்ள கெடக்கு, மேல தெரியாது. அடுப்பு அனல்ல ஒடிஞ்சு ஒடிஞ்சு விழுது." சொல்லச் சொல்ல அவள் காது சுட்டது. முடி விழுகிற கை சமைத்த சோறு என்று தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூன்று வருஷமாக யார் இலையிலும் தன் முடி ஒன்று விழாமல் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமைத்தவள்.

ரெங்கம்மாள் கையிலிருந்த முடியை நிமிண்டினாள். அது வளையவில்லை. பக்கத்திலிருந்த வாழைப்பட்டையில் குத்தினாள். குத்தி நின்றது. கோமதியை ஒருமுறை பார்த்தாள். பிறகு அதைச் சுண்டி எறிந்துவிட்டு, "ஒங்க வீட்டு முடி எங்க வாயில பட்டாச்சு. இனிம உறவு விடாது. சாப்புடுங்க அண்ணாச்சி" என்று சொல்லி, மீதிச் சோற்றைப் பிசைந்து, பார்க்காமல், பரத்தாமல், கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள். ஆவுடையப்பனும் சாப்பிட்டார். கோமதி கதவோரத்தில் நின்று அந்தத் தொண்டைகள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு பட்டுச்சேலையை அவிழ்த்து உதறியபோது, சரிகைக்குள்ளிருந்து இன்னும் நாலைந்து முடி உதிர்ந்தது. தரையைத் துடைத்தவள், மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்த பெட்டிக்குள் அது போயிருக்கும் என்று நினைக்கவில்லை.

அடுத்த வாரம் வீரகேரளம்புதூரிலிருந்து ஆள் வந்தது. நிச்சயத்துக்கு நாள் குறித்த செய்தியோடு ஒரு போத்தல் கரிசலாங்கண்ணித் தைலமும். "மைனியோட இளநரைக்கு அத்தை குடுத்து விட்டாவ. விடாம தேய்க்கணுமாம்" என்றான் வந்தவன். மேலகரம் முழுக்க அது பரவிற்று. கிணற்றடியில் பெண்கள் அவள் உச்சியை எட்டிப் பார்த்தார்கள்.

"ஏளா கோமதி, ஒனக்கு நரைச்சிட்டாமே."

"வயசான காலத்துல என்னத்துக்குத் தண்ணி கோருதீக, ஆச்சி" என்றாள் இன்னொருத்தி.

தளவாய் சிரித்து மாளவில்லை. "நாயி செஞ்ச நன்றியப் பாத்தியா. தங்கச்சிக்குக் கல்யாணத்த முடிச்சிருச்சி, ஒனக்குத் தைலத்த வாங்கிக் குடுத்திருச்சி."

முப்பிடாதி மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் மாலை கோமதியின் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துத் தைலம் தேய்த்துவிட்டாள். "எனக்காகச் சொன்னிய மைனி" என்றாள் கடைசியில். கோமதி கண்ணை மூடியிருந்தாள். உனக்காக அல்ல, தரைக்காக என்று சொல்ல நாக்கு எழுந்தது. அது உண்மைதானா என்று தெரியாததால் சொல்லவில்லை. அந்த விரல்களிலும் நாய் நெடி அடித்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. முப்பிடாதி வண்டியேறிய மறுநாளே தளவாய் சொன்னபடி துரையைத் தோப்பில் கட்டினான். கோமதி வீட்டை மறுபடி இழுத்தாள். ஒருவாரம் இழுத்தாள். நாய் இல்லாத வீட்டில் முடி வந்துகொண்டே இருந்தது. தலையணைப் பஞ்சிலிருந்து வந்தது, நெற்குதிரின் பின்னாலிருந்து வந்தது, ஓட்டு வரிச்சிலிருந்து சாரல் காற்றுக்கு உதிர்ந்தது. நாய்தான் அந்த வீட்டில் இருந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால், அந்த முடிக்குள்தான் வீடு இருந்தது.

மறுவீட்டுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கூடவே ரெங்கம்மாளும் ஆவுடையப்பனும். நம்பிராஜன் குச்சி மாதிரி இருந்தான், அதிகம் பேசவில்லை. ரெங்கம்மாள் கறுப்புச் சுங்குடி கட்டியிருந்தாள். வந்ததும் கோமதியின் முகவாயைத் தூக்கி, "தைலம் கேட்டுதா மகளே?" என்று கேட்டாள்.

"கேட்டுது பெரியம்மை."

இலை போட்டுச் சோறு வைக்கிற நேரத்தில் வாசலில் ஒரு வெள்ளை வந்து விழுந்தது. அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, மலையடியிலிருந்து சேற்றிலும் சாரலிலும் ஓடிவந்த துரை. யாரையும் பார்க்கவில்லை. நேரே முப்பிடாதியின்மேல் ஏறி முகத்தை நக்கிற்று, அழுதது, கூடத்தின் நடுவில் நின்று உடம்பை உதறிற்று. ஈர முடி ஒரு கொத்தாகப் பறந்து எல்லார்மேலும் இறங்கியது.

"இது எங்கன உள்ள நாயி?" என்று துண்டை வாயில் பொத்திக்கொண்டார் ஆவுடையப்பன்.

"தோப்பு நாயி மாமா. பன்னிக்குக் கட்டிப் போட்டது" என்றான் தளவாய். முப்பிடாதியிடமிருந்து அதைப் பிய்த்து எடுத்துப் புறவாசலுக்கு இழுத்துப் போனான்.

ரெங்கம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கறுப்புச் சேலை மடியெல்லாம் வெள்ளை ஊசி. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதையும் பார்த்தாள், கோமதியின் தலையையும் பார்த்தாள். ஆவுடையப்பனின் பார்வையும் தங்கையின் கையை நோக்கித் திரும்பியது. முப்பிடாதி தலை குனிந்து நின்றாள். புதுத் தாலிக் கயிற்றின் மஞ்சள் அவள் கழுத்தில் இன்னும் ஒட்டியிருந்தது. நாய் முடியை ஊட்டிச் சம்பந்தம் முடித்தவர்கள் என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும். அவள் சாகும்வரை அந்த வீட்டில் அது அவளுக்குப் பெயராகிவிடும்.

"அண்ணாச்சி, இது நம்ம கோமதி முடி" என்றாள் ரெங்கம்மாள். "அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. தைலம் கேக்கல போலிருக்கு. ஏளா, இங்கன வா. எங்கூட உக்காரு."

"நான் பொறவு சாப்பிட்டுக்கிடுதேன் பெரியம்மை."

"உக்காருட்டி."

உட்கார்ந்தாள். அவளுக்கும் இலை விழுந்தது, சோறு விழுந்தது. ரெங்கம்மாள் கையை நீட்டி, அந்த முடியைக் கோமதியின் சோற்றுக்கு உச்சியில் வைத்தாள். வெள்ளைமேல் வெள்ளை. வைத்த மறுகணமே எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

"ஒன் முடிதான. ஒனக்கென்ன அருவருப்பு?"

கோமதி முப்பிடாதியைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்கவில்லை. பருப்பை ஊற்றிப் பிசைந்தாள். பரத்திப் பார்க்கவில்லை. அவள் விரல்கள் தாமாகவே பருக்கைகளைப் பிரிக்கப் போனபோது மடக்கிக்கொண்டாள். முதல் கவளத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் நாக்கின் ஓரத்தில் குத்தியது. சேறும் உண்ணியும் அந்த நெடியும் எல்லாம் சேர்ந்து கண்ணுக்குள் வந்தது. ஆவுடையப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினாள். அது குறுக்காகப் போயிற்று. நெஞ்சுக்குக் கீழே இறங்கும்வரை அது போகிற வழி அவளுக்குத் தெரிந்தது.

"சாப்புடுங்க அண்ணாச்சி, ஆறிப் போவுது" என்றாள் ரெங்கம்மாள்.

ஆவுடையப்பன் தன் இலையை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

எல்லாரும் கை கழுவின பிறகு கோமதி புறவாசலுக்குப் போனாள். வாழைமூட்டில் குனிந்து தொண்டைக்குள் விரலைவிட்டாள். கண்ணீர் வந்தது, கோழை வந்தது, வேறொன்றும் வரவில்லை. கிணற்றுத் தூணில் கட்டிப்போட்டிருந்த துரை எழுந்து வாலை ஆட்டியது. மறுபடி விட்டாள்.

பின்னால் செம்போடு ரெங்கம்மாள் வந்து நின்றாள். அவள் முதுகைத் தடவினாள்.

"எம்மவன் அரக்கான் காட்டுல என்னத்தத் தின்னு உசிரு பொழச்சான்னு இதுவரைக்கும் சொல்லல. நான் கேக்கவும் இல்ல" என்றாள். "போதும், வெரல எடு. வராது. அன்னைக்கு இன்னொண்ணு எனக்கும் உள்ள போயிருச்சி. நானும் அண்ணாச்சிகிட்டத் தலசுத்துன்னு சொல்லி வண்டிய நிறுத்தி நிறுத்திச் சுரண்டை வரைக்கும் முக்கிப் பாத்தேன். வரல்ல."

செம்பை நீட்டினாள். கோமதி வாங்கிக் குடித்தாள். செம்பில் மீதித் தண்ணீரின்மேல் ஒன்று மிதந்ததை, குடித்த பிறகுதான் பார்த்தாள்.